முப்பத்தொன்பது சென்டிமீட்டர்

பழைய வண்டியை விற்கிறவன் அதன் குறைகளை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறவன் நான். போன சனிக்கிழமை நீங்கள் வந்தபோது, இடது கதவின் அடியில் துரு அரித்திருப்பதையும், நான்காவது கியர் விழும்போது ஒரு முனகல் வருவதையும் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னேன். "நான் கண்டுபிடிக்கறதுக்கும் ஒண்ணு ரெண்டு மிச்சம் வைங்க சார்" என்று சிரித்தீர்கள். எனக்கு உங்களைப் பிடித்துப்போனது. நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவர் என்பதால் மண்ணுக்குக் கூச்சப்படாமல் அப்படியே தரையில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தீர்கள். இதுவரை வந்த நான்கு பேரில் யாரும் அதைச் செய்யவில்லை.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டே நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. ஐந்நூறு கிலோ ஏற்றுகிற ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறதே, பட்டைகளுக்கு நடுவில் பெயின்ட்கூட உரசாமல் இருக்கிறதே என்றீர்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்த அட்டையை எடுத்து, நான்கு சக்கரத்துக்கும் அளவு எழுதியிருக்கிறது, ஓரத்தில் முப்பத்தொன்பது என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது எந்தச் சக்கரத்துடையது என்றீர்கள். கிளம்பும்போது, அம்மாவையும் இதில்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும், அவர்களால் ஏற முடியுமா என்றீர்கள். நான் எதற்கும் பதில் சொல்லாமல் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அது சரியல்ல என்று பிறகு தோன்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் மோட்டார்களைக் கழற்றிக் கொண்டுவந்து, கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டி, திரும்பக் கொண்டுபோய் மாட்டுவது. ஒரு மோட்டார் முப்பது நாற்பது கிலோ இருக்கும். கூடவே சங்கிலி, குழாய், சாமான் பெட்டி. எப்படிக் கூட்டினாலும் இருநூறு கிலோவைத் தாண்டாது. இருபது வருடப் பழைய எஸ்யூவி அதை மூக்கால் அழாமல் சுமக்கும். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தொங்கியிருந்தது. வயதானால் யாருக்கும் அப்படித்தான்.

எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குத் தனியாகக் கதை ஒன்றும் இல்லை, தள்ளிக்கொண்டே போனது, அவ்வளவுதான். தம்பி கல்யாணமாகி ஊரின் அடுத்த கோடியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். அம்மா போன பிறகு அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. பெரியவன் இருக்கிறான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். நானும் குறை வைக்கவில்லை. இடுப்பு மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சை நடந்தபோது இருபத்தாறு நாள் கடையை மூடிவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தேன். நகம் வெட்டிவிடுவது, முதுகு தேய்த்துவிடுவது, மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து வைப்பது எல்லாம் நான்தான். என்மேல் குறை சொல்ல யாருக்கும் நாக்கு கூசும்.

அப்பா என்னிடம் பேச மாட்டார். சண்டை என்று எதுவும் இல்லை. சாப்பாடு போடவா என்றால் போடு என்பார். வலிக்கிறதா என்றால் பரவாயில்லை என்பார். சில நாட்களில் எங்கள் இருவருக்கும் நடுவே மொத்தமாக ஏழு எட்டு வார்த்தைதான் ஓடும். நான் எண்ணியிருக்கிறேன். எனக்கு எண்களில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. ஒருமுறை பார்த்த மோட்டாரின் சுற்று எண்ணிக்கை பத்து வருடம் கழித்தும் நினைவிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தம்பி வீட்டுக்கு அழைத்துப் போவேன். வியாழக்கிழமையே அவருக்கு ஞாயிறு வந்துவிடும். எந்தச் சட்டை என்று எடுத்து வைப்பார். சனிக்கிழமை முகம் மழித்துக்கொள்வார். மூட்டு மாற்றியவர்கள் தாழ்ந்த இருக்கையில் உட்காரக் கூடாது என்பதால் ஆட்டோ, வாடகைக் கார் எதுவும் அவருக்கு ஆகாது. தம்பியிடம் இருப்பதோ ஸ்கூட்டர். ஆனால் நம் வண்டியின் ஃபுட்போர்டு அவருக்கென்றே வைத்ததுபோல் அமைந்திருந்தது. வலது காலை அதில் வைப்பார், மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடிப்பார், ஒரு மூச்சு, ஏறிவிடுவார். ஏறி உட்கார்ந்ததும் டேஷ்போர்டில் ஒரு தட்டுத் தட்டுவார். போகலாம் என்று அர்த்தம்.

அங்கே போனால் அவர் வேறு ஆள். பேத்திகளிடம் பஸ் கதைகளை நடித்துக் காட்டுவார். தம்பி மனைவியைக் கேலி செய்வார், தம்பியின் தொப்பையைக் கேலி செய்வார். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. அந்தக் கதைகளில் ஒன்றைக்கூட நான் அதற்கு முன் கேட்டதில்லை. நான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, அவர் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் தம்பி மனைவி, அங்கே வீட்டில் உங்களுக்குப் பொழுது எப்படிப் போகிறது மாமா என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டிவிட்டுச் சொன்னார்: "வீட்ல ரேடியோ ஒண்ணு இருக்கும்மா. அதுவும் இல்லன்னா எனக்குப் பேச்சே மறந்திருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வயிற்றில் எரிந்தது. அதை மறைத்துப் பயனில்லை. மறுநாள் எரிச்சல் அடங்கிவிட்டது. அடங்கிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் மரத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் நான் கோபமில்லாமல்தான் செய்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

முப்பத்தொன்பதுக்கு வருகிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கடைசி நாளன்று சுவரோரமாகப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அப்பாவைக் காலைத் தூக்கி வைக்கச் சொன்னாள். வைக்க வைக்க இன்னொரு பலகை போட்டாள். ஒரு கட்டத்தில் அவர் முகம் சுருங்கியது. டேப்பை வைத்து அளந்துவிட்டு என்னிடம் சொன்னாள், "முப்பத்தொன்பது சென்டிமீட்டர் வரைக்கும் தாராளமா தூக்கறாரு. அதுக்கு மேல கட்டாயப்படுத்தாதீங்க, மூட்டு நழுவிடும்." குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். குறித்துக்கொள்ளாமலே எனக்கு நினைவில் நின்றது.

ரேடியோ பேச்சுக்கு அடுத்த வாரம் வண்டியைப் பட்டைக்காரரிடம் கொண்டுபோனேன். அவருக்கு வேறு பெயர் இருக்கும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பின் அச்சுக்கு மேலே அடுக்காக வைத்துக் கட்டுகிற ஸ்பிரிங் பட்டைகளில் அவரை விட்டால் ஆள் கிடையாது. தொங்கிப்போன பின்பக்கத்தைச் சரி செய்யத்தான் போனேன். அப்பா தானும் வருவதாகச் சொன்னார். வண்டி வேலை என்றால் அவருக்கு ஒரு குஷி. வழக்கம்போல ஏறி, டேஷ்போர்டைத் தட்டினார். அவர் அதைத் தட்டியது அதுதான் கடைசி.

பட்டைக்காரரின் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. வேலை தொடங்குவதற்கு முன் நான்கு சக்கரங்களின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து ஓர் அட்டையில் எழுதுவார். முடிந்ததும் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுவார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டி திரும்ப வர வேண்டும். போல்ட்டுகளை இறுக்கி, மூன்றாவது தடவை அளப்பார். புதுப் பட்டை லோடு சுமந்து சுமந்து ஒரு சென்டிமீட்டராவது இறங்கி உட்கார்ந்திருக்கும். உட்காரவில்லை என்றால் ஏதோ தப்பு என்று அர்த்தம். எவ்வளவு லோடு ஏற்றுவீர்கள் என்பதையும் அந்த அட்டையிலேயே நம்மிடம் கேட்டு எழுதிக்கொள்வார். அவர் மற்றவர்கள்போல் கண்ணால் பார்த்துப் பட்டை போடுகிறவர் அல்ல. சொன்ன லோடுக்குத்தான் போடுவார். சொன்னவனை நம்புவார்.

அவர் அளந்துகொண்டிருக்கும்போது நானும் சும்மா டேப்பை எடுத்து ஃபுட்போர்டை அளந்தேன். தரையிலிருந்து முப்பத்தாறு. பழைய உயரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் தூக்கினால் போதும் என்று பட்டைக்காரர் சொன்னார். முப்பத்தாறும் இரண்டரையும் முப்பத்தெட்டரை. அப்பா ஏறிவிடுவார். நான் அட்டையின் ஓரத்தில் முப்பத்தொன்பது என்று எழுதியது அப்போதுதான். ஏன் எழுதினேன் என்றால், கணக்குப் போடும்போது கையில் பேனா இருந்தால் எழுதிவிடுவது என் வழக்கம்.

அந்த நிமிடத்தில்கூட நான் இரண்டரை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அப்பா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பட்டைக்காரரிடம் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். தொண்ணூறு பயணிகளோடு ஓர் இறக்கத்தில் பஸ்ஸின் பட்டை உடைந்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்த வண்டியை அப்படியே நண்டுபோல நாலு மைல் ஓட்டி வந்தது, இறங்கிய பிறகுதான் தன் கால் நடுங்குவதைப் பார்த்தது. கைகளை விரித்து விரித்துச் சொன்னார். பட்டைக்காரர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். முன்பின் தெரியாத ஆள். பத்து நிமிடப் பழக்கம். நான் பக்கத்தில் டேப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"எவ்வளவு லோடு சார் எழுதிக்கட்டும்" என்று பட்டைக்காரர் கேட்டபோது ஐந்நூறு என்றேன். எப்போதுமே ஐந்நூறு இருக்கும் என்றேன். முன்னால் கிணற்று மோட்டார் இழுக்க வின்ச் ஒன்று மாட்டப்போகிறேன், அது அறுபது கிலோ, அதனால் முன் ஸ்பிரிங்கும் கெட்டியாக வேண்டும் என்றேன். இந்த இரண்டும் பொய். முன் பம்பரில் வின்ச் மாட்டிய ஓட்டையே இல்லை என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பட்டைக்காரர் யோசித்தார். லோடு ஏற்றினால் வண்டி சரியான உயரத்துக்கு இறங்கும், காலியாக ஓட்டினால் இறங்காது என்று விளக்கினார். "லோடு இல்லன்னா ஏணி மாதிரி நிக்கும் சார். உக்கார்றவங்க இடுப்பும் கழண்டுடும்" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா என் பக்கம் பேசினார். முப்பத்தொரு வருடம் லோடு சுமந்தவர் இல்லையா. "அவன் தொழிலுக்குத் தோதா போட்டுக் குடுப்பா. கஞ்சத்தனம் பண்ணி நடுவழியில பட்டை உடைஞ்சா யாரு அனுபவிக்கறது" என்றார். என்னைப் பற்றி அவர் வெளியாள் ஒருவரிடம் அக்கறையாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகும் நான் எண்ணை மாற்றவில்லை.

மாலைக்குள் வேலை முடிந்தது. முன்னால் ஆறரை சென்டிமீட்டர், பின்னால் எட்டு. வண்டி பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிகூட இருந்தது. ஃபுட்போர்டு நாற்பத்துமூன்றில் நின்றது. அப்பா வலது காலைத் தூக்கினார். எட்டவில்லை. இடது காலை மாற்றிப் பார்த்தார். கைப்பிடியும் உயரப் போய்விட்டது. நானும் பட்டைக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மூட்டை ஏற்றுவதுபோல அவரை உள்ளே ஏற்றினோம். சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது. ஒரு செருப்பு கீழே விழுந்தது. பட்டைக்காரர் குனிந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, அவர் காலில் மாட்டிவிட்டார். அப்பா வீடு வரும் வரை கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி உதறியது. அவர் முனகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தார். வண்டியைப் பார்த்தார். "விடுப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். மகன் வீட்டு வாசலில், பேத்திகள் முன்னால், இரண்டு பேர் தூக்கி இறக்கிவிடுவதை அவர் விரும்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரமும் அப்படியே சொன்னார். மூன்றாவது வாரம் வாசலுக்கு வரவில்லை.

தம்பி கேட்டான். ஒரு ஸ்டூல் போட்டு ஏற்றலாமே என்றான். ஸ்டூல் நழுவினால் மூட்டு போய்விடும், மறுபடி அறுவை என்றால் இந்த வயதில் தாங்குவாரா என்றேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முதலில் அவன் ஸ்கூட்டரில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிறகு கடையை ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டியிருந்தது. பிறகு போன் செய்தான். போனில் அப்பா கதை சொல்ல மாட்டார். நல்லா இருக்கேன் என்பார், என்னிடம் நீட்டிவிடுவார்.

ஞாயிறுகளில் நான் கடைக்கு விடுமுறை விட்டேன். அவருக்குப் பிடித்ததைச் சமைத்தேன். கேரம் பலகை வாங்கி வந்தேன். இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, கை வலிக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டார். வார்த்தைகள் ஏழு எட்டிலிருந்து நான்கு ஐந்தாகின. ரேடியோவையும் அவர் போடுவதில்லை. ஒருநாள் நானே போட்டேன், எழுந்து வந்து அணைத்துவிட்டார். ஆனால் அவர் வீட்டில் இருந்தார். வேறு எங்கேயும் சிரிக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஆயிரம் கிலோமீட்டர் ஆனது. பட்டைக்காரரிடம் போக வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் போல்ட் இறுக்காத வண்டியை ஓட்டுவது பொறுப்பற்ற செயல். அவர் அளந்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி அளந்தார். "வண்டி லோடே பாக்கலியே சார்" என்றார். வியாபாரம் மந்தம் என்றேன். அப்படியானால் அடுக்கிலிருந்து இரண்டு பட்டையை உருவிவிடலாம், முன்னால் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டிவிடலாம், பத்திரமாக வைத்திருக்கிறேன், அரைநாள் வேலை, கூலி வேண்டாம் என்றார். தன் மேலேயே தப்பு என்பதுபோலப் பேசினார். வேண்டாம், அடுத்த மாதம் பெரிய வேலை ஒன்று வருகிறது என்றேன். வரவில்லை, வருவதாகவும் இல்லை.

அவர் உள்ளே போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரும்புச் சட்டத்தில் பற்றவைத்துச் செய்த படி. இருபது சென்டிமீட்டர் உயரம். மேலே வழுக்காமலிருக்கப் பழைய டயரை வெட்டி ஒட்டியிருந்தார். கால்கள் நான்கும் அகலமாக விரிந்து, யானை ஏறி நின்றாலும் ஆடாது. உள்ளே உட்கார்ந்தபடியே இழுத்து எடுத்துக்கொள்ள ஒரு கயிறும் கட்டியிருந்தார். "அன்னிக்கு ஐயாவ அப்படித் தூக்கினது எனக்கு மனசே ஆறல சார். இதக் குடுங்க. நான் செஞ்சேன்னு சொல்லுங்க" என்றார்.

நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வண்டியின் பின்பக்கம், சாமான் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடினேன். தூக்கிப் போடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தூக்கிப் போட்டிருந்தால் என் எண்ணம் கெட்டது என்று சொல்லலாம். நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வியர்த்திருந்தது. நான் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட நேரம் மூன்று நான்கு, போனில் இருக்கிறது. வண்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, நாற்பது நிமிடமாகும் என்றார்கள். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து காரில் பன்னிரண்டு நிமிடம். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சத்தம் கேட்டு வந்தார். நம்ம வண்டியிலேயே கொண்டுபோய்விடலாம் என்றார். அப்பாவைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தோம். தையல்காரர் ஒல்லியான மனிதர். அப்பா அப்போதும் எண்பது கிலோ. பட்டைக்காரர் தூக்கியதுபோல அவரால் தூக்க முடியவில்லை.

முன் கதவில் இரண்டு தடவை முயன்றோம். கால் ஃபுட்போர்டின் விளிம்பைத் தொட்டு வழுக்கியது. தையல்காரர் ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். நாற்காலியின் உயரமே நாற்பத்தைந்து இருக்கும். அதில் அவர் எப்படி ஏறுவார். பின் கதவில் முயன்றோம். அங்கே அப்பாவின் முட்டி மடங்கிவிட்டது. மெதுவாகத் தரையில் உட்கார வைத்தோம். பின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டார்.

"படி மாதிரி ஏதாச்சும் இருந்தா போதும். வீட்ல ஒண்ணும் இல்லையா?" என்று தையல்காரர் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் பக்கத்து வீடுகளில் ஆள் தேடித் தெருவுக்கு ஓடினார். நானும் அப்பாவும் தனியாக இருந்தோம். அவர் தலையைத் திருப்பிச் சக்கரத்துக்கு மேலே, மட்கார்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டியவர்களுக்கு அந்தப் பார்வை போகாது. பட்டைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பட்டை புதுசாவே இருக்கேப்பா" என்றார். மூச்சு வாங்கியது. "லோடே ஏத்தலையா?"

எட்டு மாதத்தில் அவர் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான், "பேசாதீங்கப்பா, மூச்சு வாங்கும்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் முப்பத்தெட்டாவது நிமிடம் வந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அதற்கு ஐந்தாறு நிமிடம் முன்னால் அவர் போய்விட்டார். இருபது நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னாராம். தம்பியிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. தம்பி என் தோளில் சாய்ந்து அழுதான். நீ இருந்ததால்தான் அப்பா இத்தனை நாள் இருந்தார் அண்ணா என்றான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை. டாக்டர் ஒருவரிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

நான் அவரைக் கொல்லவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். நான்கு சென்டிமீட்டர். அவ்வளவுதான். உங்கள் உள்ளங்கையின் பாதி அகலம்கூட இல்லை. எந்தச் சட்டத்திலும் அதற்குப் பிரிவு கிடையாது, நான் விசாரித்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி நடந்தது என்று சொல்லிக் கேட்டேன்.

உங்கள் வேலைக்கு இந்த வண்டி பொருத்தம். மண் மூட்டைகளும் நாற்றுகளும் ஏற்றினால் பட்டை இறங்கி உட்காரும், ஓட்டமும் மெத்தென்று இருக்கும். அது சுமப்பதற்குச் செய்த பட்டை. இதுவரை சுமக்க விடாதது நான்தான். உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். தாராளமாக ஏறுவார்கள். சனிக்கிழமை நீங்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதற்கு அடியில் பட்டைக்காரர் செய்த படி இருக்கிறது, கயிறோடு. அதில் ஏறி நின்றால் ஃபுட்போர்டு இருபத்துமூன்று சென்டிமீட்டர்தான்.

ஆமாம், அன்றும் அது அங்கேதான் இருந்தது. அப்பா சாய்ந்திருந்த சக்கரத்துக்கு நேர் மேலே, ஒரு தகடு தள்ளி. எனக்கு அது மறந்துபோகவில்லை. பின் கதவின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டுதான் நின்றேன். அதை எடுத்துப் போட்டால் அவர் பிழைப்பாரா என்று நான் யோசிக்கவே இல்லை. எடுத்துப் போட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஏறிவிடுவார் என்றுதான் யோசித்தேன்.